மச்சானுக்குப் பிடிக்கணும்

காலண்டர் டிசைன் சிவகாசிக்குப் போகுமுன் ஜவுளிக்கடை முதலாளி பார்க்க வேண்டும். அவர் தலையாட்டிவிடுவார். ஆட்டாதவர் அவருடைய மச்சான். "பிரின்ட்ல கலர் டல்லடிக்குதே தம்பி, என் போன்ல பளிச்சுனு இருந்துச்சே!" திரையில் எரிவது வெளிச்சம், தாளில் ஏறுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற 4 மை என்று விளக்கினால், "அப்போ அஞ்சாவதா ஒண்ணு ஊத்துங்க" என்பார். (ஊற்றலாம்தான். தங்க மைக்குத் தனிக் காசு என்றதும் நாலே போதும் என்றாகிவிடும்.) முருகனின் வேலுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் இடம் அவர் கண்ணை உறுத்தும், அங்கே கிளைகளின் போன் நம்பர் வந்தாக வேண்டும். லோகோ இன்னும் கொஞ்சம் பெரிசாக வேண்டும். அந்த லோகோவைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் வரும், விசிட்டிங் கார்டைச் சாய்த்துப் பிடித்து எடுத்த போட்டோவாக, கட்டைவிரலோடு. எல்லாம் திருத்தி பிளேட் போடப் போகிற நேரத்தில், "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்பார்.