சாவி கொடுத்துச் செல்லல்: கேமரன் மலைத் தோட்டங்களில் ஊர்ப்பயணக் காலத்து உடைமைக் காப்பு – ஒரு பன்முக நோக்கு

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றி ஆண்டு தவறாமல் மாநாடு நடக்கிறது. கட்டுரை வாசிக்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், தலையணை கனத்தில் ஒரு மாநாட்டு மலரைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மலர்களைப் புரட்டினால் வேர், விழுது, விளிம்பு, தொப்புள்கொடி எல்லாம் இருக்கும். ஊருக்குப் போனவன் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பது மட்டும் இருக்காது. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுகிறது. (எல்லா ஆய்வேடுகளும் ஓர் இடைவெளியை நிரப்பத்தான் எழுகின்றன. நிரப்பிய பிறகு இடைவெளி முன்னைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு.)

ஆய்வுக் களம் மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இங்கே வந்துபோனார். வந்தவர் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்காமலே போய்விட்டார் என்பார்கள். இருந்தும் மலைக்கு அவர் பெயர்தான். ஆய்வுலகம் அவரை முன்னோடியாகக் கொண்டாட வேண்டும். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் தமிழர் மலையேறினார்கள். அவர்கள் ஊருக்குப் போய்வந்த காலமெல்லாம் நம் ஆய்வுக் காலம்.

தகவலாளர் மூவர். ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு, கோயிலில் பொங்கல் பிரசாதம் கொடுக்கும் அக்கா. மூன்று, தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா. மூவரும் ஒரே அக்காதான். ஒருவரை மூவராக எண்ணுவது களஆய்வில் நெடுங்காலமாக இருந்துவரும் மரபு. அதை மீறும் தகுதி நமக்கு இல்லை.

இனி வகைப்பாடு. ஊருக்குப் போகிறவர் விட்டுச்செல்லும் பொருள் நான்கு: கத்துவன, உருள்வன, வளர்வன, பூட்டுவன.

கத்துவன: ஆடு, நாய், கோழி. முதலிரண்டும் திரும்பக் கிடைக்கும்.

உருள்வன: மோட்டார் சைக்கிள். பெட்ரோலை வடித்துவிட்டுப் போகவும்.

வளர்வன: சௌசௌ கொடி, மளிகைக் கடைப் பற்று.

பூட்டுவன என்னும் நான்காம் வகையில் அடங்குவது வீடு ஒன்றே. அறிஞர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனால் ஆயிற்று என்று சமவெளிக்காரர்கள் நினைக்கலாம். கேமரன் மலையில் அது நடக்காது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே, மதியம் கடந்தால் மழை, மழை விட்டால் மூடுபனி. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். இப்படி ஓர் இடத்தில் வீட்டை ஒரு மாதம் அடைத்துப் போட்டால் பூசணம் பிடித்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பின்மேல் முதலில் திருநீறு பூசினாற்போல வெள்ளை படியும். பிறகு அது பச்சையாகும். பிறகு அலமாரிக்குள் ஏறிச் சேலை மடிப்புகளுக்குள் புள்ளி வைக்கும். ஆகவே வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது வந்து சன்னலைத் திறந்து போட வேண்டும். திறக்க வேண்டுமானால் சாவி வேண்டும். இதைச் சொல்லும் நூற்பா வருமாறு:

பூட்டிய வீட்டில் பூசணம் பூக்கும்;
திறவுகோல் கொடுப்பின் பூசணம் நீங்கும்;
கொண்டவர் பின்னர்க் குடிபுகுவர் மாதோ.

இதற்கு உரை இரண்டு. ‘மாதோ’ வெறும் அசைநிலை என்பார் மேட்டு லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) உரைகாரர். பள்ளத்து லயத்து உரைகாரரோ அது சாவி வாங்கியவரின் மாமியாரையும் சேர்த்துச் சுட்டும் என்பார். இருவரும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். காரணம் இலக்கணம் இல்லை, தண்ணீர்க் குழாய்.

குடிபுகும் முறைமை படிப்படியானது. முதல் வாரம் சாவிக்காரர் வருவார், சன்னலைத் திறப்பார், சாமி படத்துக்கு விளக்கேற்றுவார், போய்விடுவார். (அக்கா, வாய்மொழி.)

இரண்டாம் வாரம் அவர் வீட்டுத் துணி இந்த வீட்டு முன்கூடத்தில் காயும். வெளியே மழை, துணிக்கு எந்த வீடு என்று தெரியவா போகிறது. (அக்கா, மேற்படி, துணி பிழியும்போது கூறியது.)

மூன்றாம் வாரம் ஒரு கூடை வெங்காயம் உள்ளே வரும். கூடவே அதற்குக் காவலாகச் சாவிக்காரரின் கொழுந்தன் வந்து படுப்பார். உடைமையைக் காக்க வந்தவர் தம் உடைமையைக் காக்க இன்னொருவரை அமர்த்தும் இந்நிலையை ‘இரட்டைக் காப்பு’ என்று அழைக்கலாம். (அக்கா, ‘ஊருக்குப் போனவங்க கதை’, இரண்டாம் பதிப்பு, பாத்திரம் தேய்க்கும் கல்லருகே, மாலை ஆறு மணி. முதல் பதிப்பில் கோழி உயிரோடிருந்தது.)

நான்காம் வாரம், ஊரிலிருந்து திரும்பியவர் நள்ளிரவில் டாக்சியை விட்டிறங்கித் தம் வீட்டுக் கதவைத் தாமே தட்டுவார். உள்ளேயிருந்து “யாரு?” என்று கேட்பார்கள். (மேற்படி நூல், மூன்றாம் தொகுதி, இடையில் மழை வலுத்ததால் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு கிடைக்கவில்லை. அக்காவின் தங்கை நிகழ்த்திய ‘அக்கா சொல்வதெல்லாம் பொய்’ என்ற மறுப்புரையையும், அதற்கு அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அளித்த விளக்கத்தையும் ஒப்பிட்டுக் காண்க.)

ஒப்பியல் நோக்கு இல்லாத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது என்பதால் இரண்டு பிறநாட்டார் சான்றுகள்.

பாய்மரப் படகிலேயே குடியிருந்து உலகைச் சுற்றும் வெள்ளைக்காரர்கள் உண்டு. அவர்களில் பலர் லங்காவியிலும் லூமுட்டிலும் உள்ள படகுத்துறைகளில் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு விமானத்தில் தங்கள் ஊருக்குப் போய்வருகிறார்கள். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அவர்களுக்கு அது வசதி. புறப்படும் முன் கடல்நீர் வால்வுகளை அடைப்பார்கள், பாயைக் கழற்றி மடிப்பார்கள், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கேபினுக்குள் ஓடவிடுவார்கள். அவ்வளவு செய்தும் பூசணம் மெத்தைக்குள் புகுந்துவிடுமே என்று துறையிலேயே தங்கியிருக்கும் இன்னொரு படகுக்காரரிடம் சாவியைக் கொடுத்துப் போவார்கள். இத்தனை கருவியும் கடைசியில் பக்கத்து வீட்டில் வந்துதான் முடிகிறது. படகுக்காரர்கள் வெக்கை தாங்காமல் கேமரன் மலைக்கு வந்து தேநீர் குடித்துப் போவதும் உண்டு. அக்காவைச் சந்தித்திருந்தால் இயந்திரச் செலவு மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன். தானா ராத்தா அருகே மூன்லைட் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தவர், 1967 மார்ச் 26 அன்று பிற்பகல் உலாவப் போனார். சிகரெட்டை வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை திரும்பவில்லை. ராணுவம் தேடியது, ஓராங் அஸ்லி பழங்குடியினர் தேடினார்கள், மந்திரவாதிகளும் தேடினார்கள். உளவுத்துறை கடத்தியது என்றும் புலி தின்றது என்றும் நூல் மேல் நூலாக வந்தது. அக்கா அவற்றில் ஒன்றையும் படித்ததில்லை, கேள்விப்பட்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்: “பக்கத்துல யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகலயா?”

வரலாற்றுப் பின்னணி இல்லாவிட்டால் நடுவர் மதிப்பெண் குறைத்துவிடுவார். இப்போது கோலாலம்பூரில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் திருச்சி. கப்பல் காலத்தில் அப்படி இல்லை. 1926-இல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. கடலிலேயே ஒரு வாரம் கழியும். அதற்கு முன் மலையிறங்கித் தாப்பா வழியாகத் துறைமுகம் சேர வேண்டும். போனால் மாதக்கணக்கு. மைலோ டின்னும் கோடாலித் தைலமும் டிரங்குப் பெட்டியில் போகும். ஊறுகாயும் கருவாடும் அதே பெட்டியில் திரும்பி வரும். வீட்டுச் சாவி அந்நாளில் கனத்த பொறுப்பு.

1953-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தபின் போவதைவிடத் திரும்பி நுழைவது பெரும்பாடாயிற்று. அடுத்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-இல் சட்டம் போட்டார்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள், பாதி ஆயுளைத் தோட்டத்தில் போட்டவர்கள், பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். இவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போகவில்லை. லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இத்தரவு நம் கோட்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஆய்வு மரபுப்படி விலக்கப்படுகிறது.

இன்று தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்தெடுக்கிறார்கள். விடுப்பில் போகிறவர் தம் மெத்தையையும் சோற்றுப் பானையையும் அறைத்தோழரிடம் விட்டுப் போகிறார். அவர்களைப் பற்றி மாநாட்டு மலர் வர இன்னும் ஐம்பது ஆண்டு ஆகும். அதுவரை பானை தாங்குமா என்பது மேலாய்வுக்குரியது.

எஞ்சியது கைம்மாறு. ஊரிலிருந்து திரும்புகிறவர் சாவிக்காரருக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்தப் பொருளைக் கொண்டே வீட்டின் நிலையை அளந்துவிடலாம் என்பது நம் கண்டுபிடிப்பு. சேலை கொடுத்தால் வீட்டில் என்னென்ன குறைகிறது என்று அவர் இன்னும் பார்க்கவில்லை. முறுக்கு மட்டும் கொடுத்தால் பார்த்துவிட்டார். முறுக்கும் நொறுங்கியிருந்தால் வெங்காயக் கூடை வரைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கோட்பாட்டைக் களத்தில் சோதிக்க வேண்டும் அல்லவா? கடைசியாகச் சாவி வாங்கி வைத்தபோது கிடைத்தது சேலையா முறுக்கா என்று தகவலாளரிடம் கேட்டோம். (அக்கா, நேர்காணல், முழுமையடையவில்லை, கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டது.)