சதுர அடித் துயரம்: தோற்றம், பரவல், தீர்வு – ஓர் ஆய்வு

வீடு வாங்குவதற்கு முன் வரும் துயரங்களை நம் சமூகம் நன்றாகவே பகுத்து வைத்திருக்கிறது. தாய்ப்பத்திரம் கிடைக்காத துயரம், வில்லங்கச் சான்றில் யாரோ ஒருவரின் பழைய அடமானம் முளைத்த துயரம், வங்கி கேட்கும் காகிதம் ஊரில் அப்பாவின் பீரோவில் மாட்டிக்கொண்ட துயரம் என ஒவ்வொன்றுக்கும் வக்கீல் உண்டு, கட்டணம் உண்டு. வாங்கி முடித்த பின் வருவதற்குத்தான் ஆள் இல்லை. பத்திரம் பதிந்து, பால் காய்ச்சி, பந்தி முடிந்து, உறவினர்கள் தாம்பூலப் பையோடு லிஃப்டில் இறங்கிய பிறகு, ஹோமப் புகை படிந்த புதுச் சுவரைப் பார்த்தபடி குடும்பத் தலைவர் 'அவசரப்பட்டுட்டோமோ' என்று நினைக்கிறாரே, அந்த நேரத்தில் தோன்றித் தவணைதோறும் வளரும் துயரமே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வு எல்லை: சென்னையின் தென்புறநகர், குறிப்பாகத் தாம்பரம், மேடவாக்கம், ஊரப்பாக்கம் வட்டாரத்து அடுக்குமாடிகள். தனி வீட்டுக்காரரின் துயரம் கொத்தனார், செப்டிக் டேங்க், பக்கத்து மனைக்காரரின் முருங்கை மரம் ஆகியவற்றைச் சார்ந்தது. அதற்குத் தனியாக ஒரு முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

முதலில் இலக்கணம். நம் பொருளிலக்கண மரபு நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல், கரு, உரி எனப் பொருள் வகுத்தது. புறநகருக்கு அதில் இடமில்லை. அக்காலத்தில் டிடிசிபி அங்கீகாரம் தொடங்கப்படாதது காரணமாக இருக்கலாம். அக்குறையை இங்கே நிரப்புகிறோம். புறநகர்த் திணையின் நிலம், ஏரியும் ஏரியாக இருந்த இடமும். பெரும்பொழுது, ஐப்பசி கார்த்திகை அடைமழை. சிறுபொழுது, ஐந்தாம் தேதி காலையில் வங்கியின் குறுஞ்செய்தி வரும் வேளை. கருப்பொருள்களில் நீர், லாரி நீர். பறை, போர் மோட்டார். புள், ஏசியின் வெளிப்பெட்டிமேல் குடும்பம் நடத்தும் புறா. மரம், விளம்பரப் படத்தில் மட்டும் தழைப்பது. தெய்வம், கேட்டுக்கு அருகில் நிற்கும் பிள்ளையார். அவருக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு உண்டா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். உரிப்பொருள், இரங்கல். இரங்கல் நெய்தலுக்கு உரியதாயிற்றே என்று புலவர்கள் கேட்கலாம். கடனாகத்தான் வாங்கியிருக்கிறோம். இந்தத் திணையில் எல்லாமே கடன்தான்.

நோயின் காரணம் வீட்டுக்குள் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். சுவரில் ஓதம், வாட்டம் தவறிய குளியலறைத் தரை, தூண் குறுக்கே நின்று கார்க் கதவைப் பாதிக்குமேல் திறக்கவிடாத நிறுத்துமிடம் (எடுத்துக்காட்டு: 14ஆம் எண்) என்று பட்டியல் போடுகிறார்கள். இவையெல்லாம் துணைக் காரணங்கள். இதைவிட மோசமான ஓதத்தோடு நம்மவர்கள் காலமெல்லாம் வாடகை வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். முதற்காரணம் ஒரு கேள்வி: "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்டுக்கு முடிச்சீங்க?"

அகத்திணை மரபில் கண்டோர் கூற்று என்று ஒன்று உண்டல்லவா, அதன் இன்றைய வடிவம் இது. கண்டோர் மூவகையினர். விலையைக் கேட்டதும் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர் முதல் வகை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பவர் இரண்டாம் வகை. கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. மூன்றாம் வகைதான் கொடியது: எக்செல் தெரிந்த தங்கை மகன். "மாமா, இதே மாதிரி வீடு பதினெட்டாயிரத்துக்கு வாடகைக்குக் கெடைக்குது. மீதிய மாசாமாசம் எஸ்ஐபில போட்டிருந்தா..." என்று அவன் வாக்கியத்தை முடிக்காமல் கேசரியை எடுத்துக்கொள்ளும் இடத்தில் மாமாவுக்கு முதல் அறிகுறி தோன்றுகிறது.

அவன் கணக்கில் பிழை இல்லை என்பதுதான் கொடுமை. 50 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 43,391 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்குப் போவது 35,417. அசலில் கழிவது 7,974. பத்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அசலில் சுமார் 35 லட்சம் அப்படியே உட்கார்ந்திருக்கும். 240 தவணையும் முடியும்போது கட்டிய மொத்தம் ஒரு கோடியே நான்கு லட்சத்தைத் தாண்டும். பழைய வருமானவரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு என்பது ஆறுதல். மாமா போன வருடம்தான் புதிய முறைக்கு மாறியிருப்பார். தவணை அட்டவணையை வங்கி கேட்டால் கொடுக்கும். கேட்காமல் இருப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

பரப்பளவு பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா எது என்று தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, குழாய் செல்லும் ஷாஃப்ட் ஆகியவை நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட, உள்ளே பயன்படும் தரைதான் அது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் இன்னமும் உலவுவது சூப்பர் பில்ட்டப் ஏரியா. ஆயிரம் சதுர அடி என்று வாங்கியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து அளந்து பார்த்து, தன் சொத்தில் நாலில் ஒரு பங்கு மாடிப்படியிலும் லிஃப்ட் வாசலிலும் வாட்ச்மேன் அறையிலுமாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார். ஆகவே சாயங்கால வேளையில் ஒருவர் மாடிப்படியில் தனியே உட்கார்ந்திருந்தால் வீட்டில் சண்டை என்று முடிவுகட்டக் கூடாது. அவர் தன் சொத்தை அனுபவித்துக்கொண்டிருக்கலாம்.

இனி மேலைநாட்டார் கருத்து. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் வீட்டுச் சாமான்களை மதிப்பிடச் சொல்லி, அவற்றில் இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்த பின் மறுபடி மதிப்பிட்டபோது, எடுத்த பொருளுக்கு மதிப்பு ஏறியிருந்தது; விட்ட பொருளுக்கு இறங்கியிருந்தது. மனிதமனம் தன் முடிவுக்குத் தானே வக்கீலாகிறது என்பது பொருள். மறு வருடம் லியோன் ஃபெஸ்டிங்கர் மனமுரண் கோட்பாட்டை நூலாகவே எழுதினார். இக்கோட்பாட்டின்படி வீடு வாங்கியவர் கிரகப்பிரவேசம் முடிந்த வாரமே பூரித்துப் போயிருக்க வேண்டும். ஏன் பூரிக்கவில்லை? விடை எளிது. பிரெம்மின் பெண்மணிகளுடைய வீட்டுக்கு மறுநாள் ஒருவரும் வந்து "டோஸ்டரை என்ன ரேட்டுக்கு முடிச்சீங்க?" என்று கேட்கவில்லை.

இன்னும் பயனுள்ளது டேனியல் கில்பர்ட், ஜேன் எபெர்ட் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு. புகைப்படம் கற்ற மாணவர்களிடம், தாங்கள் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டவர்களைவிட, மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்டவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. டோக்கன் அட்வான்ஸுக்கும் பத்திரப்பதிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் தூக்கம் வராததன் காரணம் இப்போது விளங்கும். அப்போது இன்னும் பின்வாங்கலாம். அதனாலேயே ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து புராஜெக்ட்டின் விலையைத் தேடத் தோன்றுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி, பதிவுக் கட்டணமும் தனியாகக் கட்டி, கேமராவுக்குச் சிரிக்காமல் முகம் காட்டி, கைரேகை வைத்து வெளியே வருபவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அந்தப் பணம் திரும்ப வராது. மருந்தே அதுதான். தீர்வையைக் குறைக்கச் சொல்லிப் போராடுபவர்கள் இந்த மருத்துவப் பயனை எண்ணிப் பார்ப்பதில்லை.

வாங்காதவர் மட்டும் நலமாக இருக்கிறாரா? தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1995இல் எழுதியபடி, குறுகிய காலத்தில் மனிதர்கள் தாம் செய்ததை நினைத்து வருந்துகிறார்கள். காலம் செல்லச் செல்லச் செய்யாமல் விட்டதை நினைத்து வருந்துகிறார்கள். சென்னைக் குடும்பம் ஒவ்வொன்றிலும் இதற்கு உயிருள்ள சான்றாக ஒரு பெரியப்பா இருக்கிறார். "அன்னைக்கு மடிப்பாக்கத்துல சைக்கிள் வெலைக்கு கிரவுண்டு குடுத்தான். யாரு போவா அந்தக் காட்டுக்குன்னு விட்டுட்டேன்" என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த அன்று, ஊரப்பாக்கத்தில் வாங்கியவர்களின் துயரம் ஒரே ராத்திரியில் ஊரப்பாக்கத்தில் வாங்காதவர்களுக்கு மாறியது. துயரத்தின் மொத்த அளவு குறையவில்லை. பெயர் மாற்றம்தான் நடந்தது, அதுவும் பதிவுக் கட்டணம் இல்லாமல்.

நாட்டுமருந்துகள் பல வழக்கில் உள்ளன. வாஸ்து பார்த்து அடுப்பை இடம் மாற்றுதல், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங். எல்லாமே மேலும் பணம் கேட்பவை. துயரத்துக்கு வயதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. உண்மையான மருந்து 1954இல் சிகாகோ பக்கத்தில் தற்செயலாகக் கிடைத்தது.

அந்த டிசம்பர் 21ஆம் தேதி பெருவெள்ளம் வரும், தங்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிச் செல்லும் என்று அங்கே ஒரு சிறு கூட்டம் நம்பியது. சிலர் வேலையைக்கூட இழந்தார்கள். வெள்ளம் வரவில்லை, தட்டும் வரவில்லை. அதுவரை பத்திரிகைக்காரர்களிடம் முகம் கொடுக்காதவர்கள், அதன் பிறகு தாங்களே பத்திரிகைகளுக்குப் போன் செய்து ஆள் சேர்க்க முனைந்தார்கள் என்று ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். நம்பிக்கை பொய்த்தால், இன்னொருவரை நம்பவைத்துத்தான் மனம் ஆறுகிறதாம். இந்த ஆய்வின் நம்பகத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தென்புறநகரில் ஏதாவது ஓர் அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே வெள்ளம் வரவில்லை. இங்கே 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வந்தே விட்டது. நடத்தையில் எந்த வேறுபாடும் இல்லை. படகில் ஏறிப் போனவரே அடுத்த கோடையில் அலுவலக நண்பரிடம் சொன்னார்: "தண்ணி வந்துச்சு சார், இல்லேங்கல. ஆனா ரெண்டே நாள்ல வடிஞ்சிருச்சு. நம்ம தெரு கொஞ்சம் மேடு. பாக்குறீங்களா, ஒரு வீடு இருக்கு."

ஆகச் சிகிச்சை முறை தெளிவாகிறது. நோயாளி தன் வளாகத்திலேயே மைத்துனரையோ சக ஊழியரையோ ஒரு வீடு வாங்கவைக்க வேண்டும். புதியவரின் சதுர அடி விலை சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் பழையவர் அன்றே குணமடைந்து, "நாங்க அப்பவே கம்மி ரேட்டுக்கு முடிச்சிட்டோம்" என்று பேச ஆரம்பிப்பார். புதியவர் தன் முறைக்கு வேறொருவரைத் தேடிக்கொள்வார். வீடுகள் தீர்ந்துபோனால் சங்கிலி அறுந்துவிடுமே என்ற அச்சம் வேண்டாம். கட்டுநர்கள் இதற்காகவே இரண்டாம் கட்டம் என்று ஒன்றை அறிவிப்பார்கள்.

இக்கட்டுரையாளர் முற்றிலும் நடுநிலையாளர். முடிவுகளைச் செயல்முறையில் சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகருக்காக மட்டும் ஒரு தகவல்: ஊரப்பாக்கத்தில், மூன்றாம் மாடியில், கிழக்குப் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இன்னும் போகாமல் இருக்கிறது. அக்னி மூலையில் சமையலறை. கிளாம்பாக்கம் பக்கம்தான். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், ஆர்ஓ போட்டால் தெரியாது. கார் நிறுத்துமிடம் 15ஆம் எண். தூண் 14இல்தான் இருக்கிறது.