மைக்கு கெடக்கட்டும் கண்ணு, சாம்பார் வாளி யாரு கையில?

பழைய மாணவர் சந்திப்புக்கு நீதான் பொறுப்பாமா கண்ணு, கேள்விப்பட்டேன். பெரிய காரியந்தான். வாட்ஸப்புல குழு ஆரம்பிச்சு, அதுக்கொரு லோகோவும் போட்டு, ட்ரோன்காரனுக்கு அட்வான்சும் குடுத்துட்டயாமா. மேல இருந்து படம் புடிக்க ஆள் ரெடி. கீழ சாம்பார் வாளி தூக்கறதுக்கு யாரு? கேட்டா, "பசங்க பாத்துக்குவாங்க அப்புச்சி"ங்கற. அந்தப் பசங்களை நானும் வெகு காலமாத் தேடறேன், ஒரு விசேசத்துலயும் கண்ணுல பட்டதில்ல.

ஆடி மாச ஞாயித்துக்கெழமை, மண்டபம் பாதி வாடகைக்குப் படிஞ்சுதுன்னு உங்கம்மாகிட்டப் பெருமை அடிச்சயாமா. ஆடியில எந்த மண்டபக்காரனும் ஈ ஓட்டிட்டுத்தான் இருப்பான், அதுல உன்ற பேரத்துக்கு என்ன வேலை? செரி, காசு மிச்சம். காத்துக்கு என்ன பண்ணுவ? அத்தனை நீளத்துக்கும் வழியை மறிச்சு நிக்கிற மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டுப் பக்கந்தான் 30 கிலோமீட்டருக்குக் கொறையாம வழி விட்டிருக்குது. பருவக்காத்து அது வழியாப் பூந்து வந்தா மொதல்ல வாளையாறு, அப்பறம் நம்ம மதுக்கரை. பந்திப் பந்தலை மேக்கால பாத்துத் தொறந்து போட்டயின்னா, ஒறம்பரை உக்காரறதுக்குள்ள இலை ஈச்சனாரி போய்ச் சேந்துரும். மேக்குப் பக்கம் தட்டி வெச்சு மறை. இலை போட்ட கையோட தண்ணி டம்ளரை அதும்மேல வெக்கச் சொல்லு. பிளெக்ஸ் வெச்சே தீரோணும்னா நடுவுல அங்கங்க அரைவட்டமா அறுத்து விடு, காத்து ஊடால போயிரும். தலைவர் மூஞ்சியில மட்டும் அறுத்துப் போடாதே.

ரோட்டுல அலங்கார வளைவு வேண்டாம். இதை வெளையாட்டாச் சொல்லல. 2017 நவம்பர்ல அவினாசி ரோட்டுல எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்குன்னு நட்டிருந்த வளைவுகிட்ட, ராத்திரி வண்டியில வந்த எளவட்டப் பையன் ஒருத்தன் விபத்துல செத்துப் போனான். விழா அடுத்த மாசம் நடந்துது. யாரு யாரு என்ன பேசினாங்கன்னு எனக்கு ஞாபகமில்ல, அந்தப் பையன் ஞாபகம் இருக்குது.

தேதி வெச்ச லட்சணத்துக்கு வர்றேன். 2010ல செம்மொழி மாநாடு நடந்தப்ப நீ டவுசர் போட்டிருந்த. மொதல்ல அந்த வருசம் ஜனவரியிலயே நடத்தறதாத்தான் கலைஞர் அறிவிச்சாரு. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கு அப்பத் தலைவரா இருந்தவரு ஜப்பான்காரர், நொபொரு கராஷிமா. கட்டுரை எழுதறவங்களுக்கு அவகாசம் பத்தாதுன்னு சொல்லிப் போட்டாரு. தேதி ஜூனுக்குத் தள்ளிப் போச்சு. அதுவும் அவருக்குப் பத்தல. கடைசியில அந்த மன்றத்து மாநாடா இல்லாம, 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு'ன்னு அரசாங்கமே தனியா நடத்துச்சு. ஜூன் 23ல இருந்து அஞ்சு நாள், பம்பும் மோட்டாரும் கண்காட்சி வெக்கிற கொடிசியாவுல. ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் வந்து தொறந்து வெச்சாங்க. முதலமைச்சர் வெச்ச தேதிக்கே அந்தக் கதி. நீ பெங்களூர்ல இருக்கறவனுக்கு லீவு உண்டான்னு ஒரு வார்த்தை கேக்கல. குழுவுல தேதியைப் போட்டதும் நாலு கட்டைவெரல் வந்துது, அத்தனையும் சம்மதம்னு எடுத்துக்கிட்ட. கட்டைவெரல் பந்திக்கு வராது கண்ணு.

நம்ம வனச்சரகத்துல யானை தண்டவாளம் தாண்டுதான்னு பாக்க, 2024ல 12 கோபுரம் நட்டு, இருட்டுலயும் தெரியற கேமரா மாட்டியிருக்கறாங்க. யானை கிட்ட வந்தா ரயில்காரங்களுக்கு உடனே தகவல் போயிருது. அழைக்காம வர்றதுக்கே அத்தனை கணக்கு. அழைச்ச ஒறம்பரைக்கு உனக்கு ஒரு போன் போட முடியல. சமையல்காரர் "எத்தனை இலைங்க?"ன்னு கேட்டதுக்கு "முன்னூறு நானூறு இருக்குமுங்க"ன்னயாமா. அந்த ஊடால இருக்கற நூறு இலைக்கு யாரு காசு குடுக்கறது? கொறஞ்சா மானம் போகும், மிஞ்சினா முட்டுவழி போகும்.

நம்ம பக்கத்துக் கண்ணாலத்தைப் பாரு. சீர் நடத்திக் குடுக்க அருமைக்காரர். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ. மங்கல வாழ்த்துப் பாட நாவிதர். எப்ப, எங்க, யாரு நிக்கோணும்னு ஒருத்தரும் மைக்குல கூவ மாட்டாங்க. அதுக்குள்ள சாதி இருந்துச்சு, கூலி பேசாம வேலை வாங்கின அநியாயமும் இருந்துச்சு. அதையெல்லாம் திரும்பக் கொண்டான்னு சொல்லல. ஒரு வேலைக்கு ஒரு ஆளுங்கறதை மட்டும் எடுத்துக்க. செருப்பு வுடற எடத்துக்கு ஒருத்தர், தண்ணிக்கு ஒருத்தர், கக்கூஸ் சாவிக்கு ஒருத்தர். சிரிக்காதே. ஒரு விசேசத்துல வாட்ச்மேன் சாவியோட டீ குடிக்கப் போயிட்டாரு. குத்துவெளக்கு ஏத்த வந்த பெரிய மனுசர் நெளிஞ்ச நெளிப்புல, முக்கா மணி நேரப் பேச்சு ரெண்டே நிமிசத்துல முடிஞ்சுது. அன்னிக்கு நல்லா நடந்தது அது ஒண்ணுதான்.

அழைப்பிதழைப் பாத்தேன். பேசறவங்க பேரு ரெண்டு பக்கத்துக்கு இருக்குது, சோறு எத்தனை மணிக்குன்னு ஒரு எடத்துலயும் காணம். ஒரு மணிக்கு இலை விழுகோணும். பொன்னாடையைச் சாயங்காலங்கூடப் போத்திக்கலாம், கெட்டுப் போறதில்ல.

நானும் வர்றேன். மேடைக்குக் கூப்பிட வேண்டாம், ரெண்டாம் பந்தியில ஓரமா ஒரு எடம் போதும். நாளைக்குப் பொழுதோட வந்து, எச்சிலை எடுக்க யாரை வெச்சிருக்கறன்னு பேரோட சொல்லிட்டுப் போ. ஆள் கெடைக்கலீன்னா உன்ற பேரையே எழுதிக்க.