ஆயுத பூஜை இரவில் யானையை மாற்றச் சொன்ன குழுவுக்கு

அனுப்புநர்:
தரவுத்தளப் பராமரிப்பாளர் (ஒப்பந்த ஊழியர்),
கணினிப் பிரிவு, மாடிப்படிக்குக் கீழ் அறை, மைசூரு.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
கணினிமயக் கண்காணிப்புக் குழு,
பெயர் சொன்னால் வேலை போகும் ஓர் அலுவலகம், மைசூரு.

பொருள்: ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறுதல் – ஒரே இரவில் முடிக்க உத்தரவு – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (தேதி இல்லை, கையொப்பம் உண்டு).

ஐயா,

இதே விஷயத்தை முதலில் கன்னடத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் ‘பார்த்தேன்’ என்ற பச்சை மையோடு திரும்பி வந்தன. குழுவில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று விசாரித்து அறிந்ததால், இனி மனம்விட்டு எழுதலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு எப்படியும் சர்வர்களை நிறுத்தி, துடைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கப்போகிறோம். அந்த இரவிலேயே ஆரக்கிள் தரவுத்தளத்தை இறக்கிவிட்டு போஸ்ட்கிரெஸை ஏற்றிவிட வேண்டும். மறுநாள் தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி முடிவதற்குள் எல்லாம் இயங்க வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. தனியாக விடுமுறை விட வேண்டாம், தனியாக முகூர்த்தமும் பார்க்க வேண்டாம். ஊரே அரண்மனையைச் சுற்றி நிற்பதால், ஏதாவது உடைந்தாலும் புகார் சொல்ல வருகிறவர் சாலையைக் கடந்து வர முடியாது. இத்தனையும் யோசித்த குழு, பழைய தரவுத்தளத்துக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

மாறுவது சரிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆரக்கிள் என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு பிராசசர் உரிமத்துக்கு 47,500 டாலர்; அதன்மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் ஆதரவுக் கட்டணம், அதாவது 10,450 டாலர். போஸ்ட்கிரெஸுக்கு இரண்டுமே பூஜ்யம். மத்திய அரசு 2015இல் கொண்டுவந்த திறமூல மென்பொருள் கொள்கையும் இத்தகைய மென்பொருளையே முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது. ‘இலவசத்தில் தரம் இருக்குமா’ என்று கேட்ட உறுப்பினருக்கு ஒரு தகவல்: 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கருக்கு 2014ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அதற்கும் மேலே சான்று வேண்டுமென்றால் நோட்டரியிடம் ஒரு முத்திரை வாங்கித் தருகிறேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், மென்பொருளின் விலைக்கு நேரே பூஜ்யம் போட்ட பேனா அங்கேயே நிற்கவில்லை. பயிற்சிக்குப் பூஜ்யம். மாற்றுச் சர்வருக்குப் பூஜ்யம். நிரல் எழுதுபவர்களின் கூடுதல் நேரத்துக்குப் பூஜ்யம். ‘கோளாறு வந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது? கம்பெனியே இல்லையே!’ என்று கூட்டத்தில் எழுந்த கவலைக்கு மட்டும் உடனே தீர்வு காணப்பட்டது. அந்தப் பதவியை எனக்கு அளித்ததற்கு நன்றி. அதற்கும் சம்பளம் பூஜ்யம் என்று அறிகிறேன்.

எத்தனை நாள் ஆகும் என்று குழு கேட்டபோது ஓரா2பிஜி என்ற இலவசக் கருவியை ஓட்டிக் காட்டினேன். பழைய தரவுத்தளத்தைத் துழாவி, எது தானாக மாறும், எதைக் கையால் மாற்ற வேண்டும் என்று சொல்லி, எத்தனை ஆள்-நாள் பிடிக்கும் என்ற மதிப்பீட்டையும் அது தரும். ஒரு வேலை அலகுக்கு 5 நிமிடம் என்பது அதன் வழக்கமான கணக்கு. தொகை பெரிதாக இருப்பதைப் பார்த்த குழு, அந்த 5 நிமிடத்தைக் குறைத்துப் போட்டால் ஒரே இரவு வருமா என்று கேட்டது. வரும் ஐயா. மதிப்பீடு ஒரே இரவுக்கு வரும்.

இனி உள்ளே கிடப்பவை. முதலில் ஆட்களின் பெயர்கள்.

நம் ஊழியர் பட்டியலில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். இந்தப் படிவத்தை வரைந்தவர் தென்னிந்தியாவில் கால் வைத்ததில்லை. என்னைப் போன்ற தமிழர்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான். ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் முன்னெழுத்தாக்கிக்கொள்ளும் கன்னடர்களுக்கும் அதே கதி. ஆகவே சிலர் அங்கே ஒரு புள்ளி வைத்தார்கள், சிலர் முதலெழுத்தைப் போட்டார்கள், பெரும்பாலோர் காலியாக விட்டார்கள். ஆரக்கிள் இதையெல்லாம் பெருந்தன்மையாகச் சகித்துக்கொண்டது. முதல் பெயரோடு காலிக் கட்டத்தை ஒட்டச் சொன்னால் முதல் பெயரை மட்டும் அச்சடித்துக் கொடுத்தது.

போஸ்ட்கிரெஸ் அப்படியில்லை. காலிக் கட்டத்தில் இருப்பது ‘நல்’; ‘நல்’ என்றால் அதற்குத் தெரியாத ஒன்று. தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து ஒட்டினால் வருவதும் தெரியாததுதான் என்பது அதன் வாதம். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மடிக்கணினியில் சோதனையாகச் சம்பளப் பட்டியலை எடுத்தபோது, கடைசிப் பெயர் இல்லாத அத்தனை பேரும் முழுசாக மறைந்துபோனார்கள். தொகைகள் பைசா சுத்தமாக இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. கணக்குப் பிரிவு இதைச் சிக்கன நடவடிக்கையாக வரவேற்கக்கூடும் என்பதால் அங்கே காட்டவில்லை.

இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. எழுத்து எதுவுமில்லாத வெற்றுச் சரத்தை ஆரக்கிள் ‘நல்’ என்றே சேமிக்கும். போஸ்ட்கிரெஸ் வெற்றை வெற்றாகவும் நல்லை நல்லாகவும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். ‘கைபேசி எண் கொடுக்காதவர்கள் யார்’ என்று இன்றைக்கு ஒரு கேள்வியில் கிடைக்கும் பட்டியல், நாளைக்குப் பாதி ஒரு பையிலும் பாதி இன்னொரு பையிலும் இருக்கும். மருந்து இருக்கிறது: ‘கோயலெஸ்’ என்ற செயற்கூறால் ஒவ்வோர் ஒட்டலையும் போர்த்த வேண்டும். அந்த ஒட்டல்கள் எந்தெந்த நிரலில் ஒளிந்திருக்கின்றன என்பதைத் தேடுவதுதான் வேலை. அவற்றை எழுதியவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்து ஊரின் பெயர். 2014 நவம்பர் 1 அன்று கர்நாடகத்தின் 12 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியபோது மைசூர், மைசூரு ஆனது. நம் அட்டவணையில் இரண்டும் இருக்கின்றன. அதற்கு முன்பே யாரோ தன் இஷ்டத்துக்கு அடித்த வேறு சிலவும் இருக்கின்றன. ஆக, ஒரே ஊரில் உள்ள நாம் பல ஊர்களில் வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைவிடக் கொடுமை கன்னடக் குறிப்புகள். நுடி, பரஹா காலத்து எழுத்துருக்களில் அடித்தவை அவை. யூனிகோடு வருவதற்கு முன் தமிழில் டிஸ்கி, டாப், பாமினி என்று நாம் பட்ட பாட்டின் கன்னடப் பதிப்பு. எழுத்துரு இருந்தால் கன்னடம். இல்லாவிட்டால் ரோமன் எழுத்துகளும் கேள்விக்குறிகளும் சேர்ந்த சந்தைக்கூச்சல். அதை அப்படியே புதிய தரவுத்தளத்துக்குள் கொட்டினால் போஸ்ட்கிரெஸ் மறுக்காது. சுத்தமான யூனிகோடில் அந்தக் கூச்சலைப் பத்திரமாகக் காப்பாற்றும்.

ஆரக்கிளில் தேதி என்றால் அதற்குள் மணி, நிமிடம், நொடி எல்லாம் அடக்கம். போஸ்ட்கிரெஸில் தேதி என்றால் தேதி மட்டும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நேராக மாற்றினால், மைசூரு மக்கள் அத்தனை பேரும் நள்ளிரவு 12 மணிக்கு வரிசையில் நின்று பணம் கட்டியதாகப் பதிவாகும். தணிக்கையில் கேட்டால் தசரா விளக்கு பார்க்க வந்தவர்கள் என்று பதில் எழுதிக்கொள்ளலாம்.

இனி யானை. போஸ்ட்கிரெஸின் சின்னமே யானைதான், ஸ்லோனிக் என்று செல்லப்பெயர். இதை முன்னிட்டாவது, யானை நடத்தத் தெரிந்த இந்த ஊரில் அதற்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்று நம்பினேன். ஜம்பு சவாரியில் யானை 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்து அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டில் ஒரே நாள். அதற்காக நாகரஹொளே காட்டோரத்திலிருந்து யானைகளை வாரக்கணக்கில் முன்னதாகவே வரவழைக்கிறார்கள். வந்ததும் எடைமேடையில் ஏற்றுகிறார்கள். அதே பாதையில் வெறும் முதுகோடு நடக்கவிடுகிறார்கள். பிறகு மணல் மூட்டை, மறுபடி கூடுதல் மூட்டை, பிறகு மரத்தில் செய்த அம்பாரி. பீரங்கிச் சத்தத்துக்கு மிரளக் கூடாதென்று அதற்கும் தனி ஒத்திகை. இருபுறமும் கும்கிகள். பலராமனுக்குப் பின் 2012 முதல் 2019 வரை அர்ஜுனன் சுமந்தான். 2020இல் பொறுப்பு அபிமன்யுவிடம் வந்தது. எப்போதும் அடுத்த யானை ஒன்று பழகிக்கொண்டே இருக்கும். எந்தக் காலத்திலும் எந்த அதிகாரியும், ‘யானை இலவசமாகக் காட்டிலிருந்து கிடைத்ததுதானே, முதல் நாள் ராத்திரி கூட்டிவந்து நேராக அம்பாரியை ஏற்றுங்கள்’ என்று உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை.

நம் யானைக்கு மட்டும் மணல் மூட்டையும் இல்லை, பாகனும் பகுதிநேரம்.

மாற்றிய மறுநாள் காலை நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன்; சுற்றறிக்கை தயாரிக்க உதவும். முதலில் எல்லா அறிக்கையும் ஆமை வேகத்தில் வரும். ‘அப்போதே சொன்னேன், இலவசம்’ என்று ஓர் உறுப்பினர் எழுவார். புதிய சர்வருக்கு டெண்டர் விட முடிவாகும். உண்மையில், தரவை மொத்தமாக ஏற்றிய பிறகு ‘அனலைஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், எந்த அட்டவணையில் எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரம் அதற்குக் கிடைக்கும்; சரியான வழியைத் தானே தேர்ந்தெடுக்கும். டெண்டர் திறப்பதற்குள் அதை ஓட்டிவிடுவேன் என்பதால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் ஒரு குமாஸ்தா நீளமான பதிவுத் தொகுதி ஒன்றை ஏற்றுவார். நடுவில் ஒரு வரி தவறாக இருக்கும். ஆரக்கிளில் அந்த வரி மட்டும் விழும், மற்றவை தொடரும். போஸ்ட்கிரெஸோ, பரிவர்த்தனை முறிந்துவிட்டது, இது முடியும்வரை எந்தக் கட்டளையையும் கேட்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். நம் தொழிற்சங்கத்துக்குப் பிடிக்கும். நிரலில் இடையிடையே சேவ்பாயின்ட் என்ற திரும்புமுனை வைத்தால் சமாதானம் ஆகும். அதற்கும் நிரலைத் தொட வேண்டும்.

மூன்றாவது, ஆட்டோவேக்யூம். போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தும்போது பழைய வரியை அழிப்பதில்லை. செத்த வரியாக அங்கேயே விட்டுவிடும்; பின்னால் ஆட்டோவேக்யூம் வந்து பெருக்கும். கண்காணிப்பாளர் ஒருவர் திரையில் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு காபிக்குப் போனால், அவர் திரும்பும்வரை அதற்குப் பின் செத்த வரிகளைப் பெருக்க முடியாது. நம் அலுவலகக் காபி நேரத்தைக் குழு அறியும். இதில் சர்வர் மெதுவாகிறது என்று பெருக்குவதையே நிறுத்தச் சொல்லி ஓர் ஆணை வரும் என்பதை என் அனுபவம் சொல்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 32 பிட் எண் ஒன்று உண்டு. பெருக்காமலே சுமார் 200 கோடி எண்கள் ஓடினால், தரவைக் காப்பாற்றுவதற்காக அது எழுதுவதையே நிறுத்திவிடும். 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை இப்படித்தான் மணிக்கணக்கில் முடங்கியது. அங்கே ஆட்டோவேக்யூம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வேகம் போதவில்லை. நாம் நிறுத்தியே வைக்கப்போகிறோம்.

காப்புப் பிரதி பற்றித் தங்கள் சுற்றறிக்கையில் ‘உண்டு’ என்று ஒரே சொல் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் அசதியில் இருந்த பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்கள் ஏட்டிலும் ‘உண்டு’ என்றுதான் இருந்தது. ஒன்றல்ல, ஐந்து வழிகள். தேவைப்பட்டபோது அவற்றில் ஒன்றும் சொன்னபடி உதவவில்லை. அன்றாடப் பிரதி எடுக்கும் நிரல், தரவுத்தளத்தோடு பதிப்பு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரித்த மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஒருவர் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த பிரதிதான் மானத்தைக் காத்தது. அவர்கள் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நாம் அந்த அளவுக்கு வெளிப்படையாக இருக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும், மைசூருவில் உட்கார்ந்துகொண்டு பிரதியின் அருமை தெரியாமல் இருக்கலாமா? தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கேதான் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021 ஆகஸ்டில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. அந்த இடமாற்றத்துக்கு நீதிமன்றம்கூட 6 மாதம் கெடு கொடுத்தது. ஒரே இரவில் என்று சொல்லவில்லை.

அமேசான் தன் நுகர்வோர் வணிகத்தின் ஆரக்கிள் தரவுத்தளங்களை விட்டு முழுமையாக வெளியேறியது 2019இல். 75 பெட்டாபைட், ஏறக்குறைய 7,500 தரவுத்தளங்கள், 100க்கும் மேற்பட்ட குழுக்கள். ஆண்டுக்கணக்கில் பிடித்தது. பாவம், அவர்களுக்கு ஆயுத பூஜை இல்லை.

என் கோரிக்கை சிறியது. ஆயுத பூஜையைச் சர்வர்களுக்கே விட்டுவிடுங்கள். முழுத் தரவையும் வைத்து ஒத்திகை வேண்டும். ஒருமுறை அல்ல, பிழை தீரும்வரை. சம்பளப் பட்டியல் இரண்டு பக்கமும் வரிக்கு வரி ஒத்துப்போகும்வரை ஆரக்கிளை அணைக்கக் கூடாது. மாற்றும் இரவில், சரிவராது, திரும்பிப் போவோம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, எத்தனை மணிக்குள் என்பதை எழுத்தில் தர வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் அன்று தொலைபேசியை எடுக்க வேண்டும்.

ஒத்திகைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கிடங்கில் ‘பழுது’ என்று சீட்டு ஒட்டிய சர்வர் ஒன்று கிடக்கிறது. பழுதானது அதன் மின்விசிறி மட்டும்தான், அதை நானே மாற்றிக்கொள்கிறேன். கிடங்குச் சாவி தலைவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருப்பதாகக் கேள்வி. கோப்பு எதுவும் போட வேண்டாம், உதவியாளரிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைசிப் பெயர் இல்லாத ஊழியர்.