ஜே.டி. அண்ணன்

தாராபுரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி ஒன்றின் ஆளெடுப்புப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஊருக்கே திரும்பிவந்து சொந்தக் கம்பெனி போட்டவர். கீழே மோட்டார் ரீவைண்டிங் கடை, மேலே அவருடைய 'குளோபல் ஹெட்குவார்ட்டர்ஸ்'. ஆறு கம்ப்யூட்டர், ஒரு இன்வர்ட்டர், ஒரு போர்டு. போர்டு மட்டும் மாடியைவிட நீளம்.

தலைமையிடம் என்பது தாராபுரத்துக்குப் புதிதல்ல. திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகு, கோவைச் சீமையை இரண்டாகப் பிரித்து, பவானியில் ஒன்றும் தாராபுரத்தில் ஒன்றுமாகத் தலைமையிடம் வைத்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலித்தது. 1804இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்குப் பிறகு இங்கே தலைமையிடம் வைத்த கம்பெனி தன்னுடையதுதான் என்பது அண்ணனின் எண்ணம்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ரைஸ்மில்களுக்கு நெல் வரவு, அரிசி பில், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைச் செய்து விற்கிறார். நல்ல சரக்கு, குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அவர் எழுதும் எழுத்தில்தான். 'ஜாப் டிஸ்கிரிப்ஷன்' என்பதை ஐ.டி. வட்டாரத்தில் ஜே.டி. என்பார்கள். என்ன வேலை, யார் வேண்டும் என்று சொல்வதற்கான தாள் அது. அண்ணன் எழுதிய ஜே.டி.க்களைப் படித்துவிட்டு அது என்ன வேலை என்று கண்டுபிடித்தவர் இதுவரை யாருமில்லை. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இவர் ஒருவர்தான் என்றும் நினைக்க வேண்டாம். உடுமலையில், பல்லடத்தில், ஈரோட்டில் இதே வார்ப்பில் ஆளுக்கொருவர் உண்டு.

இத்தனைக்கும் அண்ணனுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தோப்பில் தேங்காய் போட ஆள் வேண்டுமென்றால் போனை எடுத்து இப்படிப் பேசுவார்: "ஏனுங்க மாமா, நாளைக்கு வெடியால ஆறு மணிக்கு ரெண்டு ஆளு வேணுமுங்க. எம்பது மரம். மரத்துக்கு இத்தனைன்னு பேசிக்கலாம், போன தடவ குடுத்ததுக்குக் கொறையாது. மத்தியானச் சோறு நம்ம ஊட்லீங்க." வேலை, இடம், நேரம், அளவு, கூலி, சோறு என ஒன்று விட்டுப்போகவில்லை. மாமாவும் மறுகேள்வி கேட்காமல் ஆளை அனுப்பிவிடுவார்.

அதே மனிதர் மாடியேறி லேப்டாப்பைத் திறந்ததும் வேறொரு ஆவி புகுந்துவிடுகிறது.

"எதிர்காலத்தை மறுவரையறை செய்யும் நெக்ஸ்ட்-ஜென் அக்ரிடெக் நிறுவனத்துக்கு, ஃபாஸ்ட்-பேஸ்டு சூழலில் பல தொப்பிகளை அணியக்கூடிய, பேஷனேட்டான, செல்ஃப்-மோட்டிவேட்டடு, ஃபுல்-ஸ்டாக் ராக்ஸ்டார் தேவை. கோடிங் நிஞ்ஜாக்களுக்கு முன்னுரிமை. இம்மீடியட் ஜாயினர் மட்டும். நாங்கள் கம்பெனி அல்ல, ஒரு குடும்பம். சம்பளம்: இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டுபடி."

இதைத் தமிழில் பெயர்த்தால் என்ன வரும்? ஜாவா தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ வேண்டும். காலையில் புரோகிராம் எழுத வேண்டும், மில்காரர் கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும், வெள்ளகோவிலில் பிரிண்டர் மக்கர் செய்தால் டூவீலரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பல தொப்பி என்று அண்ணன் எழுதியது இந்த மூன்றைத்தான். மூன்றாவது வேலைக்கு, சித்திரை வெயிலில், நிஜமாகவே ஒரு தொப்பி தேவைப்படும்.

'குடும்பம்' என்ற சொல்லைத்தான் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கொங்குச் சீமையில் கிணற்றுப் பங்குக்கும் வரப்புக்கும் வருஷக்கணக்காகக் கோர்ட்டு ஏறுகிறவர்கள் யார்? குடும்பத்தார்தான். வேலை தேடி வருகிற பிள்ளைக்கு இது தெரியாதா?

அண்ணனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்த வியாதிக்கு உலகம் பூராவும் கிளை உண்டு. 2020 ஜூலையில் செபாஸ்டியன் ராமிரெஸ் என்ற நிரலாளர் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவியில் நாலு வருஷ அனுபவம் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. காரணம், அந்தக் கருவியை உண்டாக்கியவரே அவர்தான். உண்டாக்கி அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதே மாதம் இன்னொரு பெரிய கம்பெனி, 2014இல் வெளியான குபர்நெட்டிஸ் மென்பொருளில் 12 வருஷ அனுபவம் கேட்டது. பிறந்து ஆறு வருஷமான குழந்தையைப் பன்னிரண்டு வருஷம் வளர்த்த ஆள் எங்கே கிடைப்பார்?

ராக்ஸ்டார் மோகத்தைக் கண்டு பொறுக்க முடியாத டிலன் பீட்டி என்பவர், 2018இல் 'ராக்ஸ்டார்' என்ற பெயரிலேயே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். அதில் எழுதும் நிரல் பழைய ராக் பாட்டு மாதிரி இருக்கும். அதைக் கற்றுக்கொண்டால் எவரும் 'நான் ராக்ஸ்டார் டெவலப்பர்' என்று உண்மையாகவே சொல்லிக்கொள்ளலாம், ஆளெடுப்பவர்கள் வேறு சொல் தேடட்டும் என்பது அவர் போட்ட கணக்கு. அண்ணனிடம் இதைச் சொன்னால், "நல்லாருக்குதே, அதையும் ஸ்கில் லிஸ்ட்டுல சேத்துக்கலாமுங்களா?" என்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தச் சொற்கள் ஆட்களை வடிகட்டியும் விடுகின்றன. கௌச்சர், ஃப்ரீசன், கே என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. ஆதிக்கம், போட்டி என்று ஆம்பளை வாடை அடிக்கிற சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. தங்களுக்குத் திறமை போதாது என்று அவர்கள் நினைப்பதில்லை. அது தங்களுக்கான இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தாராபுரம் பக்கம் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிற எத்தனையோ பெண்களுக்கு, வேலை உள்ளூரிலேயே, நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால் எவ்வளவு நிம்மதி! அண்ணனின் விளம்பரத்தில் நிஞ்ஜா இருக்கிறார். 'இடம்: தாராபுரம்' இல்லை. அதைப் போட்டால் கம்பெனி சின்னதாகத் தெரியுமாம்.

இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் திருப்பூர். அங்கே டீக்கடைச் சுவர், கரண்ட் கம்பம், பஸ் ஸ்டாப் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் நோட்டீசை அண்ணன் ஆயிரம் தடவை தாண்டிப் போயிருப்பார். 'ஆட்கள் தேவை. சிங்கர் டைலர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி, அயர்ன். பீஸ் ரேட் / ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். தங்கும் வசதி உண்டு.' கீழே கம்பெனி இருக்கும் வீதி, போன் நம்பர். அவ்வளவுதான். பேட்லாக் ஓட்டுகிறவருக்கு அது தனக்கான தாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், மற்றவர்கள் நின்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. இந்த நோட்டீசிலும் கலைச்சொல் உண்டு. ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் வெளியூர்க்காரருக்குப் புரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மெஷின் நிற்கிறது. 'டைனமிக்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

நோட்டீஸ் இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு, அதை ஒட்டுகிற காண்ட்ராக்டரின் மொழிப்பற்றோ எழுத்துத் திறமையோ காரணமில்லை. திங்கட்கிழமை காலை எந்த மெஷின் காலியாகக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும், சரக்குக் கப்பலேறும் தேதியும் தெரியும். அண்ணனுக்கோ ஆள் வந்து என்ன செய்யப்போகிறார் என்பதே இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத விஷயத்தை எழுதும்போதுதான் 'பன்முகத் திறன்' வருகிறது, 'ஓனர்ஷிப்' வருகிறது, 'சினர்ஜி' வருகிறது. படிக்கிறவர்களை மிரட்ட அவர் அப்படி எழுதுவதில்லை. தனக்கே இருக்கிற குழப்பத்துக்குக் கோட்டு மாட்டிவிடுகிறார்.

சம்பளத்துக்கு வருவோம். அந்த இடத்தில் அண்ணனின் விரல் தானாகவே நின்றுவிடும். எண்ணைப் போட்டால் ஏற்கெனவே இருக்கிற ஐந்து பேரும் பார்ப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பேரம் பேசினால் இரண்டாயிரம் குறையுமே என்ற ஆசை மறுபக்கம். அரசாங்கத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது. நாட்டில் 1959இலேயே வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது; 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. 1960இல் வந்த அதன் விதிகள் என்ன கேட்டன தெரியுமா? எந்த மாதிரி வேலை, அதில் செய்ய வேண்டியது என்ன, எத்தனை இடம், அவசியமான தகுதி எது, இருந்தால் நல்லது என்கிற தகுதி எது, சம்பளமும் படியும் எவ்வளவு, வேலை எந்த ஊரில். ராக்ஸ்டார் என்ற கட்டம் மட்டும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையின் நடையைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் எத்தனை இடம், என்ன சம்பள விகிதம் என்பது அதில் அட்டவணையாகவே இருக்கும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி முதல் விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போடச் சொல்லிவிட்டது; நியூயார்க் நகரம் 2022 நவம்பர் முதல். நியூயார்க் சட்டம் வந்த வாரத்திலேயே ஒரு பெரிய வங்கியின் விளம்பரத்தில் 'சம்பளம் 0 டாலர் முதல் 20 லட்சம் டாலர் வரை' என்று வந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்றார்கள். நம்புவோம்.

ஆள் தேடும் விளம்பரம் இப்படியென்றால், சரக்கை விற்கும் விளம்பரம் அதற்கு அண்ணன். கம்பெனி இணையப் பக்கத்தில் அந்த நெல் கணக்கு மென்பொருள் இப்படி நிற்கிறது: "ஏ.ஐ. திறனூட்டப்பட்ட, கிளவுட்-நேட்டிவ், எண்ட்-டு-எண்ட் கிரெய்ன் வேல்யூ செயின் ஆர்கெஸ்ட்ரேஷன் பிளாட்ஃபார்ம்." காங்கேயத்திலிருந்து ஒரு மில் முதலாளி தன் பேத்தியை விட்டு அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிறகு அவரே போன் போட்டாராம்.

"ஏனுங்க தம்பி, இதெல்லாம் இருக்கட்டும். நெல்லு மூட்டக் கணக்கு வெக்குமுங்களா, வெக்காதுங்களா?"

"வெக்குமுங்க அப்பச்சி."

"ஈரப்பதத்துக்குக் கழிவு போடுமுங்களா?"

"போடுமுங்க."

"கரண்டு போனா கணக்குப் போயிருமா?"

"போகாதுங்க. திரும்பி வந்தா விட்ட எடத்துல இருந்தே ஓடுமுங்க."

"அட, இதைய எழுதியிருந்தா நான் போன மாசமே வாங்கிருப்பனே!"

அப்பச்சி கேட்ட மூன்று கேள்விதான் அந்தச் சரக்கின் முழு விளக்கம். எழுத வேண்டியதும் அதுவே. பஸ் ஸ்டாண்டுக் கடையில் விற்கிற முறுக்குப் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன சரக்கு, நிகர எடை, அதிகபட்ச விலை, செய்தவர் முகவரி, செய்த மாதம், குறை சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முறுக்குக்காரர் 'மொறுமொறுப்பு அனுபவத் தீர்வு' என்று எழுதிவிட்டு எடையைப் போடாமல் விட்டால் கேஸ். மென்பொருளுக்கு அப்படி எந்தத் தொல்லையும் இல்லை. விலை என்ற இடத்தில் 'காண்டாக்ட் சேல்ஸ்' என்று போட்டுவிடலாம். அண்ணன் விஷயத்தில் சேல்ஸ் என்பதும் அவரேதான்.

லண்டனில் 1979இல் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி, யாருக்கும் புரியாத அரசாங்கப் படிவங்களை நாடாளுமன்றச் சதுக்கத்தில் வைத்துப் பொதுமக்கள் பார்க்க எந்திரத்தில் போட்டுக் கிழித்தார். எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் அப்படிப் பிறந்தது. அடுத்த வருஷத்திலிருந்து, படு மோசமாகக் குழப்பி எழுதும் நிறுவனங்களுக்கு அந்த இயக்கம் 'தங்கக் காளை' என்று ஒரு விருதையும் கொடுக்கத் தொடங்கியது. காங்கேயம் காளைக்குப் பேர்போன சீமையில் பிறந்த அண்ணனுக்கு அப்படியொரு விருது வந்தால் மாலை போட்டு, தாரை தப்பட்டையோடு ஊர்வலமே வந்துவிடுவார். எதற்குக் கொடுத்தார்கள் என்று யாராவது சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

அண்ணனின் மேல் கோபம் வருவதில்லை, அதுதான் சிக்கல். தாராபுரத்தில் மாடி வாடகைக்கு எடுத்து, உள்ளூர்ப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்கிற மனிதர். சரவணம்பட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் பல வருஷம் பார்த்த தாள்களெல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. அப்படி எழுதினால்தான் கம்பெனி என்று அவர் நம்பிவிட்டார். தேங்காய்க்கு ஆள் கூப்பிடும் குரலில் எழுதினால் தன்னைத் தோப்புக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை, மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கும் ஆறாவது நாற்காலி.

ஆகவே தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜாவா தெரியுமா? மில்காரர்களிடம் பொறுமையாகப் பேச வருமா? வண்டி ஓட்டுவீர்களா? அப்படியானால் அந்த விளம்பரத்தைப் பார்த்து மிரள வேண்டாம், ராக்ஸ்டாராகவும் ஆக வேண்டாம். அண்ணனுக்குப் போன் போட்டு முதல் கேள்வியாகச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில்தான் மறைப்பார், வாயைத் திறந்து கேட்டால் சொல்லிவிடுவார்.