தெரியாமல் செய்தவர்கள் என்று சொல்லாதீர்கள்

மினமாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "அந்தக் காலத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும், பாவம்" என்று சொல்லிவிடுகிறார். சிஸ்ஸோ நிறுவனத்தார் மேல் விழுந்த பழிகளில் என்னால் பொறுக்க முடியாத பழி இதுதான். அவர்கள் படித்தவர்கள், சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், சோதித்ததைக் குறித்து வைத்தவர்கள். அவர்களைக் கொண்டுபோய் ஒன்றும் தெரியாதவர்கள் வரிசையில் நிறுத்துவது அவர்களுடைய அறிவுக்கே செய்யும் அவமரியாதை. பொறுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எழுந்து வந்து மறுக்க முடியாது. அவர்கள் சார்பில் நான் மறுக்கிறேன்.

ஜப்பானின் தென்மேற்கில் கியூஷு தீவு. அதன் மேற்குக் கரையில் ஷிரானுயி உள்கடலைப் பார்த்தபடி மினமாத்தா. 1908-இல் அங்கே சிஸ்ஸோவின் ஆலை வந்தது. 1932 முதல் பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தார்கள். போருக்குப் பின் பிளாஸ்டிக் காலம் பிறந்தபோது அந்தச் சரக்குக்கு அப்படி ஒரு கிராக்கி. 1960-இல் மட்டும் 45,000 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். நகராட்சிக்கு வந்த வரிப்பணத்தில் பாதிக்கு மேல் ஆலை கொடுத்தது. ஊர் பிழைத்ததே அதனால்தான் என்று ஊராரே சொன்னார்கள். ஆலை வடித்துவிட்ட நீரில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது வளைகுடாவில் இறங்கி, பாசியில் ஏறி, சிப்பியில் ஏறி, மீனில் ஏறி, மீனவக் குடும்பங்களின் மூன்று வேளைச் சோற்றோடு கலந்தது. முதலில் பூனைகள் சுழன்று சுழன்று ஆடிச் செத்தன. காக்கைகள் பறந்தபடியே விழுந்தன. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை, நடையும் பேச்சும் குழறிய நிலையில், ஆலையின் சொந்த மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள்.

அந்த மருத்துவமனையின் தலைவர் ஹொசொகாவா ஹாஜிமே. மூளையையும் நரம்பையும் தாக்கும் இனந்தெரியாத நோய் பரவுகிறது என்று மே 1-ஆம் தேதி சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தவர் அவர்தான். ஆலை தன் சம்பளப் பட்டியலில் இப்படி ஒரு மருத்துவரை வைத்திருந்தது. நல்ல ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த நிர்வாகம் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் மேலும் என்ன செய்தார் என்பதைச் சொன்னால் என் கட்சி இன்னும் வலுக்கும்.

1959 ஜூலையில் குமாமோத்தோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், காரணம் கரிமப் பாதரசம்தான் என்றார்கள். சிஸ்ஸோவின் கழிவுநீர் அவர்களுக்கு எட்டவில்லை. வெளியிலிருந்து, சேற்றையும் சிப்பியையும் தலைமுடியையும் வைத்தே அவர்கள் அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். ஹொசொகாவாவோ உள்ளே இருந்தார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை நேரடியாக எடுத்துத் தீவனத்தில் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். சோதனைப் பதிவேட்டில் அதற்கு எண் 400. அக்டோபர் 7-ஆம் தேதி பூனை 400 தள்ளாடியது, வலிப்பு வந்து சுழன்றது. ஊர்ப் பூனைகள் ஆடிய அதே ஆட்டம். ஆலையின் நீர்தான் காரணம் என்பது அன்றைக்கே ஆலைக்குள் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு பூனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். நிர்வாகத்தின் ரகசியம் காக்கும் திறனைப் பாருங்கள்: பத்தாண்டுக்கு மேல் அந்தப் பூனை வெளியுலகின் கண்ணில் படவே இல்லை. 1970-இல் ஹொசொகாவா புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபடி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னபோதுதான் வெளியே வந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

இவ்வளவு தெரிந்தவர்களைத் தெரியாதவர்கள் என்கிறோமே!

தெரிந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1959 டிசம்பர் 24-ஆம் தேதி கழிவுநீர் சுத்திகரிப்பு எந்திரத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். நிறுவனத் தலைவர் யோஷியோகா கீச்சி, சுத்திகரித்த நீர் என்று கொடுக்கப்பட்ட ஒரு தம்ளர் நீரை எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டினார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவு அந்த எந்திரத்துக்குள் போகவே இல்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று துல்லியமாகத் தெரிந்தவர்களால்தான் அப்படி ஒரு விழாவைத் திட்டமிட முடியும்.

ஆறே நாளில், டிசம்பர் 30-ஆம் தேதி, ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. இழப்பீடு என்ற சொல்லையே தொடாமல் 'அனுதாபத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 யென். குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 30,000 யென். இறந்தவருக்கு 3,00,000 யென். இதில் நான் தலைவணங்குவது ஐந்தாவது விதிக்கு: இந்த நோய்க்கு ஆலைக் கழிவுதான் காரணம் என்று பின்னால் நிரூபணமானாலும், நோயாளிகள் புதிதாக எதுவும் கேட்கக் கூடாது. பூனை 400 விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பின்னால் என்ன நிரூபணமாகும் என்பதை ஊரில் யாருக்கும் முன்னே கண்டவர்கள் அவர்கள். குளிர்காலம், பிடித்த மீனை வாங்க ஆளில்லை, வீட்டில் படுத்த படுக்கையாக ஆள். மீனவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1973 மார்ச் 20-ஆம் தேதி குமாமோத்தோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கு விரோதமானது, செல்லாது என்று தள்ளியது. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் அது செல்லுபடியானது. ஒரு காகிதம் அதற்கு மேல் என்ன உழைக்கும்?

ஆலை மட்டும் அறிவாளி என்று நான் சொல்ல வரவில்லை. அரசுக்கும் தர்க்கத்தில் தேர்ச்சி இருந்தது. மினமாத்தா வளைகுடா மீனை உணவுச் சட்டத்தின்படி தடை செய்யலாமா என்று 1957-இல் குமாமோத்தோ மாகாணம் கேட்டது. வளைகுடாவில் உள்ள மீனும் சிப்பியும் அத்தனையும் நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று நலத்துறை அமைச்சகம் பதில் அனுப்பியது. அத்தனையும் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை வீட்டு அடுப்புகள் எரிந்தன என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. 1959 நவம்பரில் அமைச்சகத்தின் சொந்தக் குழுவே கரிமப் பாதரசம்தான் என்று அறிக்கை கொடுத்தது. கொடுத்த கையோடு அந்தக் குழு கலைக்கப்பட்டது.

இனி வயிற்றில் இருந்த பிள்ளைகள். நான் எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

தாயின் உடம்பில் என்ன நஞ்சு இருந்தாலும் நஞ்சுக்கொடி அதை வடிகட்டிப் பிள்ளையைக் காப்பாற்றிவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. நடந்தது நேர்மாறு. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, உடம்புக்கு வேண்டிய மெத்தியோனின் போலவே தோற்றம் தருகிறது. உணவு என்று நம்பி நஞ்சுக்கொடியே அதைப் பிள்ளைக்கு ஊட்டுகிறது. பிள்ளையின் மூளையும் அதே நம்பிக்கையில் கதவைத் திறக்கிறது. அதனால் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகத் தேங்கும். வளர்ந்தவர் மூளையில் பார்வைக்கும் சமநிலைக்கும் உரிய பகுதிகளைத் தேர்ந்து தாக்கும் நஞ்சு, கருவின் மூளையிலோ எங்கும் பரவுகிறது. நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து அடுக்கிக்கொள்ளும் மாதங்கள் அவை. அந்த அடுக்கே கலைந்துபோகிறது. தலை நிற்காமல், வாயில் எச்சில் ஒழுக, கைகால் முறுக்கிக்கொண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பெற்றவளுக்கு விரல் நுனியில் மரமரப்பு மட்டும் இருக்கும். பலருக்கு அதுவும் இல்லை.

மருத்துவர்கள் 'மூளைவாதம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை மீனே தின்றதில்லையே, அதற்கு எப்படி மினமாத்தா நோய் வரும் என்பது அவர்கள் வாதம். 1961-இல் ஹராதா மசாசுமி என்ற இளம் மருத்துவர் அந்த மீனவக் குப்பங்களுக்குப் போனார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர். இருவருக்கும் ஒரே முறுக்கு, ஒரே தடுமாற்றம். மூத்தவனுக்கு மினமாத்தா நோய், இளையவனுக்கு இல்லை என்றார் தாய். ஏன் என்று கேட்டார் ஹராதா. பிறவியிலேயே இப்படி, அதனால் இல்லை என்று டாக்டர்களே சொன்னார்களே என்றார் அவர். கூடவே தன் மனதில் இருந்ததையும் சொன்னார்: கர்ப்பத்தில் நான்தான் மீன் தின்றேன், என் உடம்பில் இருந்த நஞ்சுதான் இவனுக்குள் இறங்கியிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பாடம் மாற்றி எழுத வேண்டியிருந்த ஒன்றை அந்தத் தாய் தன் வீட்டுத் திண்ணையில் சொல்லிவிட்டார். நிபுணர்கள் அவசரப்படவில்லை. இறந்துபோன இரண்டு குழந்தைகளின் மூளையை ஆய்வு செய்து பார்த்தபின், 1962 நவம்பர் 29-ஆம் தேதி, பதினாறு பிள்ளைகளுக்கு இது கருவிலேயே வந்த மினமாத்தா நோய் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலுக்குப் பிறகும் ஆலையில் அசிட்டால்டிஹைடு ஓடிக்கொண்டே இருந்தது, 1968 மே வரை. அப்போதும் நஞ்சு காரணமாக நிற்கவில்லை; அந்தத் தயாரிப்பு முறை பழசாகிப்போனதால் நின்றது. அரசு, ஆலைதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகச் சொன்னது நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26-ஆம் தேதி. எந்தத் தொழிலுக்கும் இடையூறு வராத நாளாகப் பார்த்துச் சொன்ன அந்த நிதானத்தையும் என் பாராட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆலையின் குறிப்பேடுகளோடு போட்டி போட்ட குறிப்பேடு ஒன்று அந்த ஊர்த் தாய்மார்களிடம் இருந்தது. பிள்ளையின் தொப்புள்கொடித் துண்டு காய்ந்து விழுந்ததும், அதைச் சின்ன மரப்பெட்டியில் வைத்து, பேரும் பிறந்த தேதியும் குறித்துப் பாதுகாப்பது ஜப்பானிய வழக்கம். உள்ளே இருப்பது கறுத்துச் சுருங்கிய ஒரு துணுக்கு. கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஹராதாவும் அவர் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார்கள். துணுக்குகளில் இருந்த மெத்தில் பாதரசத்தை அளந்து, பிறந்த ஆண்டுப்படி அடுக்கினார்கள். ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் அதுவும் ஏறியிருந்தது, உற்பத்தி இறங்கியபோது அதுவும் இறங்கியிருந்தது. சிஸ்ஸோவின் உற்பத்திக் கணக்கு எவ்வளவு நேர்மையானது என்பதற்கு, பிறந்த பிள்ளைகளின் கொடியே சாட்சி சொன்னது.

அவர்களுடைய சிக்கனத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. வடிகால் வாய்ச் சேற்றில் ஒரு டன்னுக்கு 2 கிலோ வரை பாதரசம் கிடந்தது. தோண்டி எடுத்தால் லாபம் வருகிற அளவு. பின்னாளில் அதைப் பிரித்து விற்பதற்கென்றே சிஸ்ஸோ துணை நிறுவனம் ஒன்றை வைத்தது. கடலில் போட்டதைக்கூட வீணாக்க மனமில்லாதவர்கள். பிள்ளைகளின் மூளைக்குள் போனது மட்டும்தான் திரும்பி வரவில்லை.

மினமாத்தாவிலிருந்து நான் ஒரு புகழ்ச்சி கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் மறைபொருள் ஒன்றும் கிடையாது. ஒரு தாய், பேச்சும் நடையும் பார்வையும் இல்லாமல் பிறந்த தன் முதல் மகளை எங்கள் வீட்டுச் செல்வம் என்று கொண்டாடினார். என் உடம்பில் இருந்த நஞ்சையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள், அதனால்தான் அவளுக்குப் பின் பிறந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பார். மருத்துவக் கண்ணோடு பார்த்தாலும் அதில் உண்மை உண்டு. கருவுற்ற பெண்ணின் உடம்பிலிருந்து பாதரசம் பிள்ளைக்குப் போய்த் தாயின் சுமை குறைகிறது. இப்படி ஒரு மகளைப் பாராட்ட வேண்டிய நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை என்ன சொல்லிப் பாராட்டுவது?

நீதிமன்றம் முயன்று பார்த்தது. முன்னாள் தலைவர் யோஷியோகாவுக்கும் முன்னாள் ஆலை மேலாளருக்கும் 1979-இல் இரண்டாண்டுச் சிறை விதித்து, அதை மூன்றாண்டு நிறுத்தி வைத்தது. 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கருவில் இருக்கும்போது நஞ்சேறிப் பிறந்து பிறகு இறந்த பிள்ளையின் சாவும் கவனக்குறைவால் ஒரு மனிதரைக் கொன்ற குற்றமே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டத்துக்கு அது பெரிய அடி முன்னே. கவனக்குறைவு என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. தாங்கள் கவனித்தவற்றையெல்லாம் அவர்கள் எவ்வளவு அக்கறையாகப் பூட்டி வைத்தார்கள் என்பதை மேலே சொல்லியாயிற்று.

கடைசியாக அவர்களுடைய அடக்கம். இவ்வளவும் செய்துவிட்டு அவர்கள் தங்கள் பெயரை எங்கும் பொறித்துக்கொள்ளவில்லை. நோய்க்கு ஊரின் பெயர். 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பாதரச உடன்படிக்கைக்கும் ஊரின் பெயர். மினமாத்தாப் பெண் என்றால் சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போன காலம் இருந்தது. வெளியூரில் வேலை தேடிய பிள்ளைகள் ஊர்ப் பெயரை மறைத்தார்கள். 2011-இல் சிஸ்ஸோ தன் தொழிலை ஜேஎன்சி என்ற புதுப் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அந்தப் பதினாறு பேரிலும் பின்னால் சேர்க்கப்பட்ட பிறவி நோயாளிகளிலும் உயிரோடிருப்பவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். குளிப்பாட்டி, சோறூட்டி, தூக்கிக் கிடத்திய தாய்மார்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விதி எழுதப்படவில்லை.