கல்லாற்றில் யானை தைக்காதீர்கள்

கைவேலைகளில் சோம்பேறிகளுக்கென்றே ஒன்று உண்டென்றால் அது ஃபெல்ட் பொம்மை தைப்பதுதான். மற்ற துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும், மடித்துத் தைக்க வேண்டும். ஃபெல்ட் நெய்த துணியே அல்ல. இழைகளை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தியோ, ஊசிகளால் குத்திக் குத்தியோ ஒன்றோடொன்று சிக்கவைத்தது. வெட்டினால் வெட்டியபடி நிற்கும். ஊசி, நூல், கத்தரிக்கோல், கண்ணுக்கு இரண்டு கருமணி, வயிற்றுக்குப் பஞ்சு. வேறொன்றும் வேண்டாம்.

கம்பளி ஃபெல்ட்தான் உயர்ந்தது என்பார்கள். ஆனால் பொன்முடி அடிவாரத்தில் எங்கள் கல்லாற்று மழையில் தோல் செருப்பே பூஞ்சை பூத்துப் பச்சையாகிவிடும். அதனால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாலியெஸ்டர் ஃபெல்ட்டே வாங்கினேன். கடைக்காரர், "பேரப்பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்டா?" என்றார். ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகும்போது நரைத்த தலையோடு நின்று உண்மையையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

யானையைத் தேர்ந்தெடுக்க வைத்தவர் ஒரு ஜெர்மானிய அம்மாள். மார்கரெட்டே ஸ்டைஃப். கீங்கன் என்ற ஊர்க்காரர். சின்ன வயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் போனது, வலது கையும் சரியாக உதவாது. அப்படியும் 1880-இல் ஃபெல்ட் துணியில் சிறு யானைகள் தைத்தார், குண்டூசி செருகி வைக்க. பிள்ளைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போனார்கள். அதிலிருந்து ஒரு பொம்மைத் தொழிற்சாலையே வளர்ந்தது. கை கால் அசையும் அவர்களின் புகழ்பெற்ற கரடி வந்தது 1902-இல்.

அந்த அம்மாளுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கீங்கனில் பக்கத்து வீட்டில் யானைப் பாகன் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டில் உண்டு. ஓய்வுபெற்ற பாகன். அவர் மட்டுமா? கோட்டூர் காப்புக்காட்டில் வனத்துறையின் யானை மையம் இருக்கிறது. போய்ப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் அபூர்வம். போகாதவர்கள் வாழைத் தோட்டத்துக்கு யானை தானே வந்து காட்சி கொடுக்கும். இந்த ஊரில் யானைக்கு விமர்சகர் அல்லாத ஆளே இல்லை.

ஆனாலும் தைத்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடல் துண்டு, அடிவயிற்றுக்கு நாலு காலோடு ஒரு துண்டு. அந்த வயிற்றுத் துண்டுதான் யானையை நிற்க வைப்பது. பென்சில் முனையால் முதலில் காலுக்குள் பஞ்சைத் திணித்து, ஓரமெல்லாம் பிளாங்கெட் தையல் போட்டு முடித்துத் திண்ணையில் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சேட்டன் வந்தார். எடுத்தார். நேராகக் காலைத்தான் பார்த்தார்.

"நகம் எங்கே சாரே?"

முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு, ஆகப் பதினெட்டு. தெரியும். ஆனால் என் விரல் நகத்தளவு பாதத்தில் அதை எங்கே தைப்பது?

"கொம்பும் இல்லையே?"

"பிடியானை, சேட்டா."

"பிடிக்கு மஸ்தகம் இத்தனை உயரம் வராது." சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தும்பிக்கை தரையைத் தொடவில்லை, வால் குட்டை, காது ஒன்று முன்னே ஒன்று பின்னே. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "மக்னா, கொம்பில்லாத ஆண். கூடவே நிறைய நாள் பட்டினி."

பஞ்சு இன்னும் கொஞ்சம் திணித்திருக்கலாம் என்பதை அவர் அப்படிச் சொல்கிறார்.

என் மனைவிதான் அதற்கு வேலை போட்டுக் கொடுத்தாள். முதுகு நிறையக் குண்டூசி குத்தி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். ஸ்டைஃப் அம்மாள் நினைத்தபடியே. என்ன, இங்கே அடிக்கிற ஈரத்தில் ஊசிகள் துருப்பிடிக்கின்றன.

புதிதாகத் தைக்க உட்காருகிறவர்கள் உங்கள் ஊரில் யாரும் நேரில் பார்க்காத உயிராகப் பார்த்துத் தையுங்கள். நான் பென்குவினுக்கு மாறிவிட்டேன். கறுப்புத் துண்டு, வெள்ளைத் துண்டு, அலகுக்கு மஞ்சள். கல்லாற்றில் அதற்கு நகம் எத்தனை என்று கேட்க ஆளில்லை.